அம்மாவின் கடைசிப் பந்தி

எழுபதுகளில், திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊர் வீட்டில், அடுப்படி வேலை காலை நாலரை மணிக்குத் தொடங்கும். விறகடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகு புகைய, ஊதுகுழலால் ஊதி ஊதியே அம்மாவின் கண்கள் சிவந்து கிடக்கும். பத்துப் பேருக்கு இட்லி, மதியத்துக்குக் குழம்பு, கூட்டு, ரசம், சாயங்காலமானால் ஆட்டுரலில் மறுநாளைக்கு மாவு. நெய்யும் கட்டித் தயிரும் முதல் பந்திக்கு. அதில் தாத்தா, அப்பா, சித்தப்பாமார் உட்காருவார்கள். இரண்டாவது பந்தி பிள்ளைகளுக்கு. கடைசிப் பந்தியில் அம்மா மட்டும்தான்.

அந்தக் கடைசிப் பந்தியைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தயிர்ச்சட்டி கழுவக் கவிழ்த்தாகிவிட்டது. குழம்பும் தீர்ந்துவிட்டது. அம்மா ஒரு கைப்பிடி காணத்தை வறுப்பாள். கொள்ளுக்கு எங்கள் பக்கத்தில் காணம் என்று பெயர். அது படபடவென்று பொரிந்து வாசம் வந்ததும் இரண்டு மிளகாய் வத்தல், கொஞ்சம் தேங்காய், இரண்டு பல் பூண்டு, துளிப் புளி, உப்பு எல்லாவற்றையும் அம்மியில் வைத்து நாலு இழுப்பு இழுப்பாள். கொரகொரப்பாக இருக்கும்போதே வழித்து உருட்டிவிடுவாள். சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றி, அந்தத் துவையலைத் தொட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவாள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

“ஒனக்குத் தயிர் இல்லையாம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும்.

“எனக்கு இது போதும் பிள்ளே. இன்னொரு தடவ கரண்டியத் தூக்க கையில தெம்பில்ல.”

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடம் முன்பு ஒரு ராத்திரி போன் செய்தாள். “அம்மா, நான் வீகன் ஆயிட்டேன். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் கிடையாது. இன்னொண்ணும் சொல்லணும். எனக்குக் கிச்சன்ல நிக்கவே பிடிக்கல. அரை மணி நேரத்துக்குள்ள முடியிற மாதிரி ஏதாவது சொல்லு.”

காரணத்தையும் அவளே சொன்னாள். மாடு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். காளைக் கன்றுக்குப் பால் வியாபாரத்தில் இடமில்லை. எனக்கு அது தெரியாததல்ல. எங்கள் தொழுவத்தில் பிறந்த காளைக் கன்றைத் தரகர் ஓட்டிக்கொண்டு போனபோது அதன் தாய் இரண்டு நாள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதனால் ஏன் என்று நான் கேட்கவில்லை. என்ன சமைக்கச் சொல்வது என்றுதான் யோசித்தேன். உடனே அம்மாவின் தட்டுதான் நினைவுக்கு வந்தது.

வீகன் என்ற சொல்லை 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரைச் சேர்ந்தவர்களும் உருவாக்கினார்கள். தமிழில் இப்போது நனிசைவம் என்கிறோம். இந்த இரண்டு சொல்லையும் அம்மா கேட்டதில்லை. ஆனால் மற்றவர்களுக்குப் போக மிஞ்சியதில் தனக்கென்று அவள் செய்துகொண்டது பெரும்பாலும் அந்தச் சமையல்தான்.

மகளுக்கு முதலில் காணத்துவையல் சொல்லிக்கொடுத்தேன். அடுத்தது உளுந்தஞ்சோறு. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்தால் இடுப்புக்குப் பலம் என்று எங்கள் பக்கத்தில் ஆக்கிப் போடுவது. ஒரு டம்ளர் அரிசி, தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து அரை டம்ளர். உளுந்தை வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். பத்துப் பல் பூண்டு, அரைக் கரண்டி வெந்தயம், ஒரு மூடித் தேங்காய்த் துருவலில் பாதி, உப்பு, நாலு டம்ளர் தண்ணீர். எல்லாம் ஒரே குக்கரில். நாலு விசில். குக்கருக்குள் அழுத்தத்தால் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதால், பானையில் வெகுநேரம் பிடிக்கிற உளுந்து சீக்கிரம் குழைந்துவிடுகிறது. நாம் அடுப்புப் பக்கம் நிற்பது பத்து நிமிடம்தான். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் போதும். அதுவும் முடியாத நாளில் சிவப்பு அவலை நனைத்து, தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்தால் ஒரு வேளை கழிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். பி12 சத்து தாவர உணவில் நம்பியிருக்கும் அளவுக்குக் கிடைக்காது. டாக்டரைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். அவளும் எடுத்துக்கொள்கிறாள்.

2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் அம்மாவுக்கும் கிடைத்தது. முதல்நாள் அதே காணத்துவையலை மிக்ஸியில் அரைத்தாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இது முப்பது வருசத்துக்கு முன்னால வந்திருக்கப்படாதா” என்றாள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அம்மாவுக்கும் அடுப்படி பிடித்திருக்கவில்லை. பிடிக்கிறதா என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

அவளுடைய அந்தத் தட்டைத் தியாகம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. அது அசதியில் பிறந்த சாப்பாடு. ஆனால் அந்தக் கையில் இருந்த அறிவு பெரியது. பாலும் நெய்யும் இல்லாமல், பத்தே நிமிடத்தில், பருப்பும் தேங்காயும் எள்ளும் கொண்டு ருசியாகவும் சத்தாகவும் சாப்பிட அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் வேறு வழியில்லாமல் சாப்பிட்டதை என் மகள் விரும்பிச் சாப்பிடுகிறாள். அதுவும் முதல் பந்தியில், சுடச்சுட.

சமையலறையில் நிற்கப் பிடிக்கவில்லை என்றால் அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். உங்கள் வீட்டில் வயதான அம்மாவோ ஆச்சியோ இருந்தால், எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிறகு தனக்கென்று என்ன செய்து சாப்பிட்டாள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி அதையே செய்து, அவளை முதலில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள்.