புள்ளி வைத்தால் பட்டியல் வரும்

கே: நிரல் எழுதும்போது லைப்ரரியில் உள்ள ஒரு பெயரைத் தட்டிப் புள்ளி வைத்ததும் கம்ப்யூட்டர் ஒரு பட்டியலை நீட்டுகிறதே, இது யார் கொடுத்த வரம்?
– பொறியியல் மாணவி, திருப்பரங்குன்றம்

ப: இதைப் பரவலாக்கியது மைக்ரோசாஃப்ட். 1996-ல் விஷுவல் பேசிக் 5-இன் ஒரு பதிப்பில் 'இன்டெலிசென்ஸ்' என்ற பெயரில் வந்தது. உங்கள் ஊர்த் தியாகராசர் பொறியியல் கல்லூரி தொடங்கிய அதே 1957-ல்தான் ஃபோர்ட்ரான் மொழியும் வெளிவந்தது. அன்றிலிருந்து இந்தப் பட்டியல் வரும்வரை பெரும்பாலானவர்கள் கையேட்டை மடியில் வைத்துப் புரட்டித்தான் நிரல் எழுதினார்கள். அடுத்தவர் எழுதிவைத்த லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

கே: எனக்கு வேண்டியது மட்டும் எப்போதும் பட்டியலின் அடியில் கிடக்கிறதே?
– திருநகர் வாசகர்

ப: அகரவரிசை செய்கிற அநியாயம். பைத்தானில் ஒரு ஸ்ட்ரிங்குக்குப் பின்னால் புள்ளி வையுங்கள். 3.9-லிருந்து, அடிக்கோடு போட்ட உள்வீட்டுப் பெயர்களை விட்டுவிட்டால், 47 மெத்தட் வரும். முதலில் நிற்பது 'கேபிடலைஸ்'. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற கவலையே இல்லாத தமிழுக்கும் அதுதான் முதல் மரியாதை. தினமும் கைகொடுக்கும் 'ஸ்ப்ளிட்' 39-வது. ஜாவாவில் எந்தப் பொருளைத் தொட்டாலும் 'நோட்டிஃபை', 'வெயிட்' என்று வந்து நிற்கும். பல வருஷம் ஜாவா எழுதிச் சம்பளம் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அவற்றை ஒருமுறைகூட அழைத்திருக்க மாட்டார்கள்.

கே: அப்புறம் பட்டியலுக்குப் புத்தி எப்போது வந்தது?
– ஐ.டி. ஊழியர், வடபழஞ்சி

ப: 2009-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்செல் புரூக், மார்ட்டின் மொன்பெருஸ், மீரா மெசினி மூவரும் எளிமையாக ஒன்று கேட்டார்கள்: இதே லைப்ரரியை இதே மாதிரி இடத்தில் பயன்படுத்திய மற்றவர்கள் அடுத்து எதை அழைத்தார்கள்? பழைய நிரல்களைப் படிக்கவைத்து, அதன்படி வரிசையை மாற்றினார்கள். எக்லிப்ஸில் 'கோட் ரெக்கமெண்டர்ஸ்' வந்தது இந்த வழியில்தான். 2018-ல் மைக்ரோசாஃப்டின் 'இன்டெலிகோட்', கிட்ஹப்பில் 100 நட்சத்திரத்துக்கு மேல் வாங்கிய திட்டங்களைப் படித்துவிட்டு வந்து, வாய்ப்பு அதிகமுள்ள பெயர்களைப் பட்டியலின் தலையில் ஏற்றி நட்சத்திரமும் குத்தியது.

உங்கள் பக்கத்து ஊரான திருப்பரங்குன்றத்தின் பௌர்ணமி கிரிவலத்தில் யாரும் வழி கேட்பதில்லை, கூட்டம் போகிற பக்கம் நடக்கிறார்கள். அவ்வளவுதான் இந்தப் புத்தி.

கே: அடுத்தவன் எழுதியதைப் பார்த்து எழுதுவதற்குப் பெயர் காப்பி அடிப்பது. நாங்கள் அதற்குப் பிரம்பெடுத்தோம்!
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹார்விபட்டி

ப: பிரம்பைக் கீழே வையுங்கள் ஐயா. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரேம்குமார் தேவன்பு, கலிஃபோர்னியாவின் டேவிஸில் தன் சகாக்களோடு 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. மனிதர்கள் எழுதும் நிரல், ஆங்கில உரைநடையைவிட அதிகமாகச் சொன்னதையே சொல்கிறது; முந்தைய சில சொற்களை வைத்தே அடுத்ததை ஊகித்துவிடலாம். தங்களைக் கவிஞர்கள் என்று நினைத்திருந்த புரோகிராமர்கள் பெரும்பாலும் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

கே: பெயர் தெரிந்தால் போதாதா? வரிசைவேறு எதற்கு?
– ஆண்ட்ராய்டு கற்பவர், தனக்கன்குளம்

ப: 'மீடியா ரெக்கார்டர்' வைத்துக் குரலைப் பதிவு செய்து பாருங்கள். முதலில் ஒலி எங்கிருந்து வருகிறது என்று சொல்லவேண்டும், பிறகு கோப்பு வடிவம், பிறகு என்கோடர், அதன்பின் 'ப்ரிப்பேர்', கடைசியில் 'ஸ்டார்ட்'. முன்பின் மாற்றினால் செயலி படுத்துவிடும். அகரவரிசைக்கு இது எங்கே தெரியும்? முன்னால் எழுதியவர்களின் நிரலுக்குத் தெரியும்.

கே: தமிழ் லைப்ரரிகளுக்கும் இந்தப் புத்திசாலித்தனம் வேலை செய்யுமா?
– தமிழ் ஆய்வாளர், பசுமலை

ப: இங்கேதான் இடிக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேளுங்கள், 5 என்று சத்தியம் செய்யும். த, ம, இகரக் குறி, ழ, மேலே புள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லிவிடும். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் 'ஓப்பன்-தமிழ்' என்ற லைப்ரரியை இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அதிலுள்ள 'கெட் லெட்டர்ஸ்' சரியாக மூன்று எழுத்தைப் பிரித்துத் தரும்.

நிறுவிவிட்டால் பெயர் பட்டியலில் வரும். நட்சத்திரம் வருவதுதான் கஷ்டம். கூட்டம் நடக்காத பாதையை அது எங்கே போய்க் கற்கும்? எனவே ஆய்வை முடித்துவிட்டு நிரலைப் பென்டிரைவில் பூட்டிவைக்காதீர்கள், பொதுவில் போடுங்கள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று வகைக் குறிப்பு எழுதுங்கள்; பைத்தானில் 2015 முதல் அதற்கு முறையான இடம் இருக்கிறது. கூடவே இரண்டு வரி உதாரணம். அடுத்து வருபவரின் பட்டியல் அதைப் படித்துத்தான் பேசும்.

கே: ஏ.ஐ. சொன்ன லைப்ரரியைத் தேடினேன். அப்படி ஒன்றே இல்லையாம்!
– அவனியாபுரம் வாசகி

ப: இல்லாதவரை உங்களுக்கு நல்லதுதான். ஏ.ஐ. அடிக்கடி கற்பனை செய்யும் ஒரு பெயரில் பார் லன்யாடோ என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சோதனைக்காக ஒரு காலிப் பொதியைப் போட்டுவைத்தார். 3 மாதத்தில் 30,000 தடவைக்கு மேல் இறங்கியது. உள்ளே ஒன்றுமில்லை, பிழைத்தார்கள். அதே பெயரைத் திருடன் பதிவு செய்திருந்தால்? 'பிப் இன்ஸ்டால்' தட்டும் முன் அதை யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பாருங்கள்.

கே: மகன் நாள் முழுக்க டேப் பட்டனை மட்டும் தட்டுகிறான். இதற்கா நாலு வருஷம் ஃபீஸ் கட்டினேன்?
– ஒரு தந்தை, நிலையூர்

ப: இடையிடையே 'இது வேண்டாம்' என்று எஸ்கேப் பட்டனையும் தட்டுகிறானா என்று பாருங்கள். தட்டினால் கவலையில்லாமல் தூங்கப் போங்கள்.