வாத்து மடையர் வரலாறு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குகை இருக்கிறது. 1911இல் அதற்குள் நுழைந்தவர்கள் ஞானம் தேடிப் போகவில்லை, வௌவால் எச்சம் அள்ளப் போனார்கள். நல்ல உரம், நல்ல விலை. அள்ள அள்ளக் கூடையும் பாயும் எலும்பும் சேர்ந்து வந்தன. இது என்னடா தொல்லை என்று அவர்கள் முகம் சுளித்தார்கள். படித்தவர்கள் பிற்பாடுதான் வந்து சேர்ந்தார்கள். 1924இல் முறையாகத் தோண்டியபோது, குழிக்குள் பத்திரமாக மூடிவைத்திருந்த 11 வாத்துகள் கிடைத்தன. கோரையை மடக்கிக் கட்டிச் செய்த பொய் வாத்துகள். சிலவற்றுக்கு வண்ணம் பூசி, நிஜ இறகையும் செருகியிருந்தார்கள். வயது சுமார் 2,000 ஆண்டுகள்.

யுக்தி எளிமையானது. பொம்மையை ஏரியில் மிதக்கவிட்டு நாணலுக்குள் பதுங்கிக்கொள்ள வேண்டும். மேலே பறக்கிற கூட்டம், ‘அட, நம்ம ஆட்கள் கீழே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்’ என்று இறங்கும். கூட்டமாக இருக்கிற ஓட்டலில்தான் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நம்புகிற நாம் அந்த வாத்துகளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அடுத்த பருவத்துக்கு ஆகுமே என்று 11 வாத்துகளையும் ஒளித்துவைத்த அந்தப் புண்ணியவான் என்ன ஆனாரோ, திரும்பி வரவில்லை. வைத்த இடம் மறந்துபோயிருக்கும்.

பிறகு கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்கள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். நிலத்தையே வாங்கிக்கொண்டவர்கள் வாத்தை விட்டுவைப்பார்களா? கோரை நைந்துபோகும் என்பதால் சீடார் மரத்துக்கு மாறினார்கள். கைக்கோடரியால் உடம்பு, கத்தியால் தலை, பழைய பெயின்டில் மிச்சம். அவ்வளவுதான் அன்றைய சிற்பக்கலை.

19ஆம் நூற்றாண்டில் செசபீக் விரிகுடாவில் இது பெருந்தொழிலாயிற்று. அங்கே கேன்வாஸ்பேக் என்றொரு காட்டு வாத்து, நீருக்கடியில் வளரும் ஒருவகைச் செடியைத் தின்று ருசியாகக் கொழுத்தது. பால்டிமோரிலும் நியூயார்க்கிலும் பெரிய மனிதர்களின் விருந்து மேஜையில் அதற்குத் தனி மரியாதை. அந்த மரியாதைக்கு அது உயிரோடு இருக்க முடியாது என்பதுதான் சின்னச் சிக்கல்.

வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்த கருவிகளில் என் மனம் கவர்ந்தது ஒரு பெட்டி. சவப்பெட்டி அளவில் இருக்கும். சுற்றிலும் தண்ணீர்மேல் பரப்பிய சிறகுகள். அதற்குள் ஆள் மல்லாக்கப் படுத்துக்கொள்வார். உடம்பு நீர்மட்டத்துக்குக் கீழே, துப்பாக்கி நெஞ்சின்மேல், குளிர்காலம் வேறு. சுற்றி நூற்றுக்கணக்கில் மர வாத்துகள். பெட்டி போதிய அளவு அமிழ வேண்டுமே? அதற்காக இரும்பில் வாத்து வார்த்துச் சிறகின்மேல் அடுக்கினார்கள். மிதக்கத் தெரியாத வாத்தை உலகுக்குத் தந்த பெருமை இவர்களையே சாரும். இன்னொரு கோஷ்டி, பீரங்கிக்குத் தம்பி முறை ஆகிற துப்பாக்கியைச் சின்னப் படகில் பொருத்திக்கொண்டு, இரவில் தூங்குகிற கூட்டத்தைப் பார்த்து ஒரே வெடி வெடிக்கும். டஜன் கணக்கில் விழும். அதில் பொய் வாத்துக்கும் வேலையில்லை, வீரத்துக்கும் வேலையில்லை.

உயிருள்ள வாத்தையே கயிற்றில் கட்டி நீரில் விட்டு, அதன் குரலாலேயே சொந்தக்காரர்களை வரவழைப்பதும் உண்டு. நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. கலைமானை இழுக்கப் பழக்கிய பார்வைமான் புறநானூற்றிலேயே வேடன் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. 1935இல் அமெரிக்க அரசு உயிர் வாத்துக்கும் சவப்பெட்டிக்கும் சேர்த்துத் தடை போட்டது. இனத்தைக் காட்டிக்கொடுக்கிற உத்தியோகம் முழுக்கக் கட்டை வாத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

டெட்ராய்ட் நகரில் மேசன் என்ற தொழிற்சாலை 1896 முதல் 1924 வரை இவற்றைத் தரம் பிரித்து விற்றது. கண்ணாடிக் கண் வைத்தது ஒரு விலை, ஆணியே கண்ணானது அதைவிட மலிவு. வாத்துகளோ பாரபட்சம் பார்க்காமல் இரண்டின் பக்கத்திலும் இறங்கிச் செத்தன.

1918இல் காட்டுப் பறவை வியாபாரத்துக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அதே ஆண்டில் ஜோயல் பார்பர் என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர், படகுப் பாய் தைக்கும் கூடம் ஒன்றில் ஒரு பழைய மர வாத்தைப் பார்த்தார். அவருக்கு அதை வைத்து எதையும் சுடத் தோன்றவில்லை, வீட்டுக்கு எடுத்துப்போகத் தோன்றியது. வியாதியின் முதல் அறிகுறி அதுதான். பிறகு கடலோரக் கொட்டகைகளில் புகுந்து புகுந்து சேர்த்தார். சேர்த்தது போதாதென்று தானே செதுக்கவும் உட்கார்ந்தார். 1934இல் தடியாக ஒரு புத்தகமும் போட்டார். குளிருக்கு அடுப்பில் போட்டுக்கொண்டிருந்த கட்டையைக் கலை என்று ஒருவர் சொன்னதும் ஊரே திரும்பிப் பார்த்தது. அவர் சேகரிப்பு இன்று வெர்மான்ட் மாநிலத்து செல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கலையின் மேதைகள் யார் யார் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். மேரிலாந்தில் ஹேவர் டி கிரேஸ் என்ற ஊர், பொய் வாத்துகளின் உலகத் தலைநகரம் என்று தன்னைத்தானே அறிவித்துக்கொண்டது. மறுத்துப் பேச வேறு ஊர் அதிகம் இல்லை. அங்கே மாடிசன் மிட்செல் என்பவருக்கு ஈமச் சடங்குகள் நடத்துவதுதான் தொழில். மனிதர்களைக் கண்ணியமாக வழியனுப்புவது பிரதான வேலை, வாத்துகளை அதே வழியில் அனுப்ப ஏற்பாடு செய்வது உபதொழில். ஆயிரமாயிரமாகச் செய்தார். கிரிஸ்ஃபீல்டில் ஸ்டீவ், லெம் என்ற வார்ட் சகோதரர்கள் சலூன் வைத்திருந்தார்கள். கள்ள நோட்டு அடிப்பதுபோல மரத்தில் கள்ள வாத்து அடிப்பவர்கள் என்று தங்களைத் தாங்களே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார்கள். பெரும்பாலும் அண்ணன் செதுக்க, தம்பி வண்ணம் தீட்டினார். முகத்தில் பாதி நுரையோடு காத்திருந்த வாடிக்கையாளர் யாரும் சுயசரிதை எழுதாதது இலக்கியத்துக்கு நஷ்டம்.

எல்லாருக்கும் மேலே கேப் காட்டின் எல்மர் குரோவெல். பணக்காரர் ஒருவரின் வேட்டை முகாமில் உயிர் வாத்துகளைப் பழக்கியவர், அவற்றின் ஒவ்வொரு சோம்பல் முறிப்பும் அவருக்குத் தெரியும். இறகு கோதுகிற ஊசிவால் வாத்து ஒன்று, தூங்குகிற கனடா பெருவாத்து ஒன்று செதுக்கினார். நிம்மதியாகத் தூங்குகிற வாத்தைப் பார்த்தால் மேலே பறப்பவைக்குப் பயம் போய்விடும் என்பது கணக்கு. 2007இல் அவை இரண்டும் தலா 11 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு விலைபோயின. வாத்தாவது பசியில் ஏமாந்தது. வாங்கியவர்கள் வயிறு நிறைந்தபிறகு ஏமாந்தவர்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கை அரிக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மிருதுவான மரமாகப் பாருங்கள், அங்கே பாஸ்வுட் என்பார்கள். தலைக்கும் உடம்புக்கும் தனித்தனிக் கட்டை. மரத்தின் நார் அலகின் நீளவாக்கில் ஓடட்டும், குறுக்கே ஓடினால் அலகு ஒடியும். உடம்பை உள்ளே குடைந்து, அடியில் ஈயம் வையுங்கள். கட்டைவிரலுக்குத் தோலுறை அவசியம். முடிந்ததும் ஒரு தொட்டித் தண்ணீரில் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். தானாக நிமிர்ந்தால் அது வாத்து. நிமிராவிட்டால் நன்றாக வண்ணம் பூசி ஷோகேஸில் வையுங்கள், விலை அதற்குத்தான் அதிகம்.