கல்கத்தா வரைக்கும் போன ஊருய்யா இது

மாடியில தோட்டம் போட்டிருக்கியாமே, மருமகனே! எங்கக்கா சொன்னா. மேல ஏறிப் பாத்தேன். தொட்டி நல்லாருக்கு, பூவாளி நல்லாருக்கு, கத்தரிச் செடியத்தான் காணோம். ஒன் வீட்டுல வாடாம நிக்கிற ஒரே ரோசா, சிவகாசிக் காலண்டர்ல பூத்ததுதான்.

செல்போன்ல பாத்து வச்சேங்கிற. அதுல பேசுற ஆளு பெங்களூருக்காரன். அவன் சாயங்காலமானா சால்வை போத்துவான். இங்க சித்திரை வெயிலுக்குக் கரிசல் மண்ணு கால் நுழையுற அளவுக்குப் பாளம் விடுது. நனைஞ்சாலோ, தண்ணிய விடாமப் பிடிச்சு வேரை அழுகடிக்கும். அதையே வெறுமன அள்ளித் தொட்டியில ரொப்பி, வேளைக்கு ஒரு வாளி ஊத்துனா செடி என்ன நீச்சலா பழகும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்துல நின்னு போட்டோ அனுப்புன. துளசிச் செடியடியில பெரியாழ்வாருக்கு ஆண்டாள் கிடைச்சா. ஒனக்கு செல்பி கிடைச்சிருக்கு. கோயில்ல அவ சிலை கையில இருக்கிற கிளியவாவது பாத்தியா? தினமும் புதுசாக் கட்டுறாங்க. மூக்குக்கு மாதுளம்பூ, ஒடம்புக்கு மரவள்ளி இலை, றெக்கைக்கு நந்தியாவட்டை இலை, கட்டுறதுக்கு வாழைநார். வாழைய விடு, அது தண்ணிக்கு அழும். மத்த மூணும் நம்ம வெயிலுக்குப் பயப்படாத சாதி. வீட்டுல எதை வைக்கலாம்னு கிளியே சொல்லுது. நீ கேமராவத் திருப்பி ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்திருக்க.

ஊட்டிப் பூங்காவுலயும் இதே கூத்துதான். 1848-ல அதைப் பூங்காவாக்குன மெக்கைவர் வர்றதுக்கு முன்னாடி அது வெள்ளைக்காரங்க மாசம் மூணு ரூவா சந்தா போட்டுக் காய்கறி வெளைய வச்ச தோட்டம். அவங்க அடுப்புக்கு ஆரம்பிச்சாங்க, நீ ஸ்டேட்டசுக்குப் போற.

நம்ம சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா வரைக்கும் போயி, தீப்பெட்டித் தொழிலக் கத்துக்கிட்டு மறுவருசம் திரும்புனாங்க. அவங்க ஊருல பொறந்த ஒனக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற பூவாணி தூரமாப் படுது! அங்க இருக்கிறது அரசுத் தோட்டக்கலைப் பண்ணைய்யா. கன்னும் நாத்தும் வளர்க்கிறதே பொழப்பா இருக்கிற எடம்.

வர்ற வாரம் போ. வாடி விழுந்த இலை ஒண்ணு, தொட்டி மண்ணு ஒரு பிடி, ரெண்டையும் தனித்தனிப் பையில கட்டிக்கோ. அதிகாரியத் தேடாத, வேலை செய்யுற ஆளு பக்கத்துல நின்னு, "அண்ணாச்சி, இதுக்கு எப்பத் தண்ணி விடணும்?"னு கேளு. அவரு சொல்றத வீட்டுக்கு வந்து செல்போன்கிட்டத் திரும்ப விசாரிக்காத.