ஷோகேஸ் யானை

செகந்திராபாத் வெஸ்ட் மாரேட்பள்ளியில் ஓய்வுபெற்ற ஆண்கள் இரண்டு ரகம். காலையில் ஸ்கந்தகிரி முருகனைப் பார்த்துவிட்டு வந்து பேப்பருடன் உட்கார்ந்துவிடுகிறவர்கள் ஒரு ரகம். முருகனைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் இருப்பவர்களைத் திருத்துகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. மரப்பொம்மைக்கு வரைபடம் போடுகிறேன்.

தச்சுவேலை தெரியுமா என்று கேட்காதீர்கள். வீட்டில் ஒரு சுத்தியல் உண்டு, சுக்கு தட்டுவதற்கு. ஆனால் ரயில்வேயில் கணக்கெழுதிய கைக்குக் கட்டம் போட்ட தாளும் ஸ்கேலும் கிடைத்துவிட்டால் எதையும் வரையத் துணிச்சல் வந்துவிடும். பேரனுக்கு வரும் பேட்டரி பொம்மைகள் எல்லாம் அமெரிக்க உச்சரிப்பில் ஏபிசிடி பாடுகின்றன. பாடி முடித்துத் தாமே கைதட்டிக்கொள்கின்றன. பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. "மரத்துல ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்ப்பா" என்றாள் மகள். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் மரப்பொம்மைக்குப் பஞ்சமில்லை. கொண்டபள்ளி அம்பாரி யானை, நிஜம் என்று நினைத்து விருந்தாளிகள் கைநீட்டும் நிர்மல் பழங்கள், மனைவியின் சீரோடு வந்த செம்மர மரப்பாச்சி ஜோடி. எல்லாம் கண்ணாடி ஷோகேஸுக்குள். சாவி மனைவியின் இடுப்பில். நவராத்திரிக்கு மட்டும் பரோல். அப்போதும் "தொடாதே" என்ற காவல் உண்டு.

கொலுவில் காவல் அசந்த நேரம் பேரன் யானையைப் பிடித்துவிட்டான். பாகனை இழுத்தான். பாகன் வந்தான், யானை வரவில்லை. கொண்டபள்ளிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் எடுப்பது தெல்ல பொனிகி என்ற இலேசான, மெத்தென்ற மரம். கை, கால், தும்பிக்கை என்று தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பொடியும் மரத்தூளும் குழைத்த பசையால் ஒட்டி, மேலே வண்ணம் பூசுகிறார்கள். தசாவதாரமும் கிராமத்துக் காட்சியும் தெலுங்கு வீட்டுச் சங்கராந்திக் கொலுவில் நிற்பதற்குப் பிறந்தவை. மூன்று வயதுக்காரனிடம் பிடிபடுவதற்கு அல்ல.

விளையாடத் தோதானது ஏட்டிகொப்பாக்கா. அனகாபள்ளி மாவட்டத்தில் வராக நதிக்கரை ஊர். மரம் அங்குடு, அதாவது நம் வெட்பாலை. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் இதே மரம்தான். கடைசலில் சுழலும் கட்டைமேல் சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படிந்துவிடும். தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு. கடைந்த பொம்மைக்குக் குத்தும் மூலை கிடையாது. மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயங்களை அங்கே மறுபடி கொண்டுவந்த சி.வி.ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும் கடைசல் வம்சம்தான்.

இவ்வளவும் தெரிந்தவன் நாலு செப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான் வந்தே பாரத் வரைந்தேன். செகந்திராபாத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்கு 2023 ஜனவரி 15-ல் ஓட ஆரம்பித்தபோது அதற்கு 16 பெட்டி. என் ரயிலுக்கும் 16. திறந்து மூடும் கதவு, ஜன்னல் திரை, பெட்டிக்கு ஒரு கழிப்பறை. மோண்டா மார்க்கெட் பக்கத்து வட்ரங்கியிடம், அதாவது தச்சரிடம், தாளை நீட்டினேன். தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சார், இதி பாபு கோசமா, மீ கோசமா?" என்றார். பிள்ளைக்கா உங்களுக்கா என்று தெலுங்கில் இவ்வளவு மரியாதையாகக் கேட்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

சட்டமும் என் பக்கம் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கலைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு. தாத்தாக்களுக்கு விலக்கு உண்டா என்று தேடிப்பார்த்தேன், காணோம். சின்னக் குழந்தைகளின் தொண்டையில் சிக்கும் சாமான்களைக் கண்டுபிடிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். உள்ளே அடங்கினால் ஆபத்து. பழைய கேமரா பிலிம் டப்பா கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சோதனை போட்டேன். என் பிபி மாத்திரை, மனைவியின் ஜிமிக்கி, மருமகனின் காது மாட்டி எல்லாம் ஆபத்தானவை என்று தீர்ப்பளித்தேன். "உங்க ரயில் சக்கரம்?" என்றாள் மனைவி. வரைபட அளவுப்படி 64 சக்கரமும் டப்பாவுக்குள் அடக்கம்.

வட்ரங்கி கடைசியில் செய்து கொடுத்தது ஒரு கட்டை, நாலு பெரிய சக்கரம், இழுக்கக் கயிறு. முகம் இல்லை, ஜன்னல் இல்லை. அது காலையில் ரயில், மத்தியானம் ஆம்புலன்ஸ், சாயங்காலம் போனாலு திருவிழா ஊர்வலத்தில் தேர். 1837-ல் ஜெர்மனியில் மழலைப் பள்ளி ஆரம்பித்த ஃப்ரோபெல் பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் பந்து, உருளை, கனசதுரம்தான். கழிப்பறை வைத்த ரயில் அல்ல. நம் மரப்பாச்சியையே பாருங்கள். சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது. அதனால்தான் ஒரே கட்டை கல்யாணப் பெண்ணாகவும், காய்ச்சல்காரியாகவும், பிரம்பு பிடித்த டீச்சராகவும் சளைக்காமல் உழைக்கிறது. நடைவண்டிக்கு யாராவது கண் மூக்கு வைத்தார்களா? பொம்மையில் பாதியைப் பெரியவர்கள் செய்தால் போதும். மீதியைச் செய்வதுதான் விளையாட்டு. வரைபடக்காரனுக்கு இது ஒத்துவராத தொழில். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனுக்கே வாய்க்கும்.

ஆகவே கைவினைப் பொருள் வாங்க ஷில்பாராமம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யானையை ஷோகேஸுக்கு வாங்குங்கள், கடைசல் சாமானைப் பிள்ளைக்கு வாங்குங்கள். இரண்டிலும் பேரம் பேசாதீர்கள். வந்தே பாரத்தின் வரைபடம் மாரேட்பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும். எடுத்துப் போகிறவர்களுக்கு என் மனைவி காபியும் தருவாள்.