பக்கத்து ஊருக்குப் பாட்டு

செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமே இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டுக் குகைக் கல்வெட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் மார்தட்டிக்கொள்கிறான். அதே ஆள் குடைந்த இன்னொரு குகை எங்கள் சீயமங்கலத்தில் இருக்கிறது. அதற்குக் கூப்பிடு தூரத்தில், 1980களின் கடைசியில், காசு, படிப்பு, லைசென்ஸ் எதுவுமே இல்லாமல் நாங்கள் நாலு பேர் ஒரு டிஸ்கோ எடுத்தோம். கல்வெட்டு வெட்டத்தான் ஆள் சிக்கவில்லை.

டிஸ்கோ என்ற பெயருக்கு ஆனந்த்பாபுதான் பொறுப்பு. 1982இல் மிதுன் சக்கரவர்த்தி இந்தியில் ஆடிய 'டிஸ்கோ டான்ஸர்', 1985இல் 'பாடும் வானம்பாடி'யாகி, ஆனந்த்பாபுவின் இடுப்பு வழியாக எங்கள் பக்கத்து டெண்ட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. அவர்களுக்கு நாங்கள் ரேடியோ செட்டுக்காரப் பசங்க, அவ்வளவுதான்.

அகுஜா ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்தவன் அன்று ஜமீன்தார். நாங்கள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 3055 நம்பர் பவர் டிரான்சிஸ்டர் ஒரு சோடி வாங்கிவந்து, பிஸ்கட் டின்னுக்குள் பற்றவைத்தோம். ரெண்டு பாட்டுக்கு மேல் போனால் டின்னில் கை வைக்க முடியாது. அதனால் பனையோலை விசிறியோடு ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்தோம். கூலி கிடையாது, கூலிங் இன்ஜினீயர் என்ற பட்டம் மட்டும் உண்டு. 'தம்' வேண்டுமென்றால் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்க்க வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிர்ந்து, அடிவயிறு வரை இடிக்கும். பானை கூட்டாளி ஒருவனின் அம்மாவுடையது. அதிலிருந்த விதைக் கேழ்வரகு எங்கே போனது என்று அவர் கேட்டபோது நாங்கள் பக்கத்து ஊரில் கச்சேரியில் இருந்தோம்.

விளக்குச் செலவும் அதே லட்சணம். டியூப் லைட் ஸ்டார்ட்டரைக் குண்டு பல்போடு வரிசையில் இணைத்தால் பல்பு தானாக விட்டு விட்டு எரியும். மேலே சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றினால் டிஸ்கோ லைட். கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "லைன்ல ஏதோ கோளாறு, ஒயர்மேனைக் கூப்புடுங்கடா" என்றார்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1950களிலேயே ராட்சத ஸ்பீக்கர்களைத் தெருவில் இறக்கிப் பாட்டுப் போட்டார்கள். ஜனம் ஸ்பீக்கரைத் தேடிவந்து ஆடியது. எங்கள் வட்டாரத்தில் ஸ்பீக்கர்தான் ஜனத்தைத் தேடிப் போகும், அதுவும் பக்கத்து ஊர் ஜனத்தை. எங்களை அமர்த்த வந்தவர்களில் ஒருவர்கூட என்ன பாட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டதில்லை. "எந்த ஊர் வரைக்கும் கேக்கும்?" இது ஒன்றுதான் கேள்வி. மாப்பிள்ளைக்கு அப்பா ஒருவர் பனைமரத்தைக் காட்டி, "உச்சியில கட்டு தம்பி, தேசூர்ப் பக்கம் திருப்பி வை. பொண்ணு குடுக்க மாட்டேன்னவன் அங்கதான் கீறான்" என்றார். குழாய் ஸ்பீக்கர் தேசூரைப் பார்த்தது. பந்தலுக்குள் இருந்தவர்களுக்குப் பானை மட்டும் உறுமியது.

ஆடியது யார் என்றால், பொடிசுகளும், சாராயம் போட்ட மாமா ஒருவரும். எங்கள் பக்கம் மனுஷன் கூச்சத்தை விட்டு ஆடுவது சாவு ஊர்வலத்தில், பறைக்கு முன்னால். சாவு வீட்டுக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். 'பாத காணிக்கை' படத்து டி.எம்.எஸ். பாட்டை அழ அழப் போடுவோம். பறை சூடேறியதும், "செட்டை நிறுத்துங்கடா" என்பார்கள். மற்றபடி நிரந்தர ஆட்டக்காரர் குகைக்கோயில் தூண் மேலே காலைத் தூக்கி நிற்கும் சிவன் ஒருவர்தான். கல்லில் வடித்த மிகப் பழைய ஆனந்தத் தாண்டவங்களில் அது ஒன்று. சுமார் 1,400 வருடமாக ஆடுகிறார், ரேடியோ செட் இல்லாமலே.

பாட்டை விட வசனத்துக்குத்தான் மவுசு. 1984இல் வந்த 'விதி' படத்தின் கோர்ட் வசனக் கேசட் ஓடாத கல்யாணமே கிடையாது. ஏமாற்றப்பட்ட பெண் கூண்டில் நின்று நியாயம் கேட்கிறாள், இங்கே வாழையிலையில் சாம்பார் விழுகிறது, ஒருவருக்கும் உறுத்தவில்லை. ஒரே ஒரு சித்தப்பா மட்டும் வந்து, "இன்னாடா, எங்க மாப்ளையவா சொல்ற?" என்று சட்டையைப் பிடித்தார்.

பெரிய வரும்படி திரௌபதி அம்மன் திருவிழாவில். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயிலையும் இந்த வட்டாரத்துப் பாரதக் கூத்தையும் வைத்து அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் தடியாகப் புத்தகமே போட்டார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இரண்டுக்கும் மைக் வேண்டும். துகில் உரியும் இரவு ஒன்றில், துச்சாதனன் சேலையில் கை வைத்த நேரம் பார்த்து, குழாய் புரியாத பாஷையில் செய்தி வாசித்தது. நாங்கள் வாங்கிய மலிவு மைக் ஒயர் நீளமாகக் கிடந்து, ஏரியலாக வேலை பார்த்து, எங்கிருந்தோ ஒரு வானொலி நிலையத்தை இழுத்துவிட்டது. துச்சாதனன் கையை எடுத்துவிட்டான். முன்வரிசைப் பாட்டி ஒருவர் "அசரீரி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூத்து வாத்தியார் கெட்டிக்காரர், அதையே கிருஷ்ணன் குரலாக்கி அடுத்த பாட்டை எடுத்தார். எங்களுக்கு வாடகையோடு ஒரு வேட்டியும் கிடைத்தது.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருட ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பனைமரத்துக் குழாய்கள் போய், பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கும் காலம் வந்துவிட்டது. ஆனாலும் செஞ்சிப் பக்கம் கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாய் விரிக்கும் முன், ஸ்பீக்கர் எந்த ஊரைப் பார்க்கிறது என்று கவனித்துவிட்டு, அதற்கு முதுகுப்புறமாக இடம் பிடியுங்கள்.