சாங்கி–கென்னடித் தொலைவியல்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 15,349 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் இத்தடத்தில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியதும், உலகின் மிக நீண்ட பயணிகள் தடம் என்ற பட்டம் பக்கத்து நியூவார்க் தடத்திடமிருந்து கைமாறியது. வித்தியாசம் 5 கிலோமீட்டர். பட்டத்தைப் பறிக்க ஓர் ஆட்டோ சவாரித் தூரம் போதும் என்பது இவ்வியலின் முதல் விதி.

தொலைவு இருவகைப்படும்: கோட்டுத் தொலைவு, ஓட்டுத் தொலைவு. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு அரபிக்கடலையும் சகாராவையும் தாண்டிப் போகும். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தாலோ அது நேரே வட துருவத்தின் பக்கம் ஏறி இறங்கும். ஏன் எனின், இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் ஏறத்தாழ 178 பாகை விலகியவை. முன் சொன்ன 15,349 இந்த நூலின் நீளமே; கோட்டுத் தொலைவு இதுவே.

விமானி நூலைப் பார்ப்பதில்லை, காற்றைப் பார்க்கிறார். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் மிஞ்சும். ஆகவே நியூயார்க் போகும் விமானம் பசிபிக் பக்கம் ஒதுங்கிச் சுற்றுவழியே போவதுண்டு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளும் இந்தக் களத்துமேட்டு நியாயமே ஓட்டுத் தொலைவு.

நேரம் மூவகைப்படும். பறக்கும் நேரம் 18 மணிக்கு மேல். அதற்கென ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்.

கடிகார நேரம் விந்தையானது. கோடையில் நியூயார்க் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். பறத்தல் 18½ மணி எனக் கொள்க. சாங்கியில் நள்ளிரவு கிளம்பியவர் அன்று காலை 6.30க்கே நியூயார்க்கில் இறங்குவார்; செலவு 6½ மணி. திரும்புகையில் ஞாயிறு இரவு 10.30க்குக் கிளம்பியவர் செவ்வாய் காலை 5.00க்கு இறங்குவார், செலவு 30½ மணி. போகும்போது வாங்கிய 12 மணிக் கடன் வரும்போது வட்டியின்றி அடைபடுகிறது. இடையில் ஒரு திங்கட்கிழமை முழுதாகத் தொலைகிறது. அதற்காக அழுவோர் அரியர்.

மூன்றாவது, பயணி உணரும் நேரம். இது உடலின் நிலையைப் பொறுத்தது. இவ்விமானத்தில் எகானமி வகுப்பு இல்லை: எடை குறையவே என்பது கணக்கறிந்தோர் கூற்று, முழங்காலுக்கு இரங்கியே என்பது பயணித்தோர் கூற்று. பிசினஸ் வகுப்பின் 67 பேருக்குக் கிடந்த கோலம். பிரீமியம் எகானமியின் 94 பேருக்கு இருந்த கோலம். பின்னவர்க்கே நேரம் மிகும். முன்னிருக்கைத் திரையில் தெரியும் குட்டி விமானம் உற்றுப் பார்க்கையில் அசையாது; கண்ணயர்ந்தால் ஒரு கடலைத் தாண்டியிருக்கும்.

விமானம் வாயிலில் வந்து நின்றதும் பயணம் முடிகிறது. இதற்குப் புறனடை ஒன்று உண்டு. அக்கணமே 161 பேரும் எழுந்து, பெட்டியை இறக்கி, கழுத்தைச் சாய்த்து, கதவு திறக்கும்வரை காட்டுவது நின்ற கோலம்.