பத்தும் பத்தும் இருபது

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் அவருக்குப் போதும். முன்பக்கத்தில் மணமக்களின் பெயர் தங்க எழுத்தில் மின்னிக்கொண்டிருக்க, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு நீள்சதுரம். நடுவில் ஒரு கோடு. கொல்லைப்புறத்தில் இருபதடி அகலம் சும்மா கிடக்கிறது. குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் பத்துக்குப் பத்தில் இரண்டு ரூம், முடிந்தது வேலை. பெரியவன் குடும்பத்தோடு வந்தால் ஒன்று, மகளும் மாப்பிள்ளையும் வந்தால் ஒன்று. "பத்தும் பத்தும் இருபது. இதுக்கு எதுக்கு சார் இன்ஜினியரு?" கிராஜுவிட்டிப் பணம் பாங்கில் விழுந்த மாதத்தில் தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் இவர் தட்டுப்படுவார். காதில் பென்சில் செருகியிருக்கும், சட்டைப்பையிலிருந்து இஞ்ச் டேப் எட்டிப் பார்க்கும்.

கஞ்சம், பிடிவாதம், வாஸ்துக் கிறுக்கு, மாதத்துக்கு ஒரு கொத்தனார் மாற்றுகிறவர் என்று இவர்மேல் ஊர் அடுக்கும் புகார்கள் பல. என் கட்சி வேறு. அத்தனை கோளாறுக்கும் ஊற்றுக்கண் ஒன்றுதான்: இவர் போடும் கோட்டுக்குக் கனம் கிடையாது. பென்சில் முனை எவ்வளவோ சுவரும் அவ்வளவுதான் என்று அடிமனதில் நம்புகிறார். கேட்டால் சண்டைக்கு வருவார். "சுவர் ஒன்பது இஞ்சுன்னு எனக்குத் தெரியாதா?" தெரியும்; கூட்டல் போடும்போது மட்டும் மறந்துபோகும். ஒரு கல் சுவர், பூச்சில்லாமல் 9 அங்குலம். இரண்டு பக்கமும் வெளிச்சுவர், ஆக 18. நடுத் தடுப்பை அரைக்கல் சுவர் என்றே வைத்துக்கொள்வோம், அது 4½. மூன்று சுவருக்கும் ஆறு முகம். முகத்துக்கு அரை அங்குலம் பூச்சு என்றால் 3. கூட்டினால் 25½ அங்குலம். இரண்டடி ஒன்றரை அங்குலத்தைச் சுவரே தின்றுவிட்டது. மிச்சம் 17 அடி 10½ அங்குலம். இரண்டாகப் பங்கிட்டால் அறைக்கு 8 அடி 11 அங்குலமும் கொஞ்சம் சில்லறையும். நாலாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இவர் கணக்கில் பத்தும் பத்தும் இருபது.

பத்து என்ற எண்ணை இவர் சும்மா பிடிக்கவில்லை. தினசரி காலண்டர் அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கும் மனையடி சாஸ்திரத்தில் பத்தடி நல்லது, பதினொன்று நல்லது, ஒன்பது ஆகாது. அந்த ஒன்பதுக்குப் பயந்துதான் பத்தில் போய் நின்றார். மனையடி பார்க்கிறவர்கள் எடுப்பது உள்ளளவு. உள்ளே டேப்பை நீட்டினால் ஒன்பதுக்கு ஓர் அங்குலம் குறைவாகக் காட்டுகிறது. எதிலிருந்து தப்பி ஓடினாரோ அதன் வாசலிலேயே வந்து விழுந்திருக்கிறார். இதற்கும் அவரிடம் பரிகாரம் உண்டு. "நடுச்சுவர்ல பாதி இந்த ரூமுக்கு, பாதி அந்த ரூமுக்கு. வெளிச்சுவரையும் சேத்துக்கிட்டா பத்து வந்துடுது பாருங்க." வரத்தான் செய்கிறது. சுவருக்குள்ளே யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று கேட்டால் நாத்திகம் பேசுவதாகச் சொல்வார்.

கோட்டின் கனம் தரையில் தெரியவருவது மார்க்கிங் போடும் அன்றைக்கு. மேஸ்திரி நூல் பிடித்துச் சுண்ணாம்புத் தூள் தூவி முடித்ததும் இவர் நடுவில் போய் நிற்பார். வெட்டவெளியில் எந்த அறையும் தீப்பெட்டியாகத்தான் தோன்றும். சுற்றிலும் வானம் இருக்கும்போது பத்தடிக்கு என்ன மரியாதை? முகம் சுருங்கும். பிறகு வரும் அந்தத் திருவாக்கு: "ஒரு ரெண்டடி தள்ளிப் போடுங்க." இந்த ரெண்டடிதான் இவருடைய மூலமந்திரம். சுவர் விழுங்கிய அதே ரெண்டடியை, விழுங்கியது யாரென்று தெரியாமலே, ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார். கிழக்கே தள்ளினால் பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டு. மேற்கே தள்ளினால்? "செப்டிக் டேங்க் மேல போய் உக்காரும் சார்" என்கிறார் மேஸ்திரி. "மூடி மட்டும் வெளிய வர்ற மாதிரி பாத்துக்கய்யா." மூடி கட்டிலுக்கு அடியில் வருகிறது. மழைநீர்த் தொட்டி, 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது முணுமுணுத்துக்கொண்டே வெட்டியது, ஸ்டோர் ரூமின் தரைக்குக் கீழே போகிறது. மனையைச் சுற்றிக் காலியிடம் விடச் சொல்லும் விதி, அவரைப் பொறுத்தவரை, இடத்தின் அருமை தெரியாதவர்கள் எழுதியது. கடைசியில் ரெண்டடியைக் குளியலறையிலிருந்து பிடுங்குவார். குளியலறை வாயில்லாப் பூச்சி. ஐந்தடி மூன்றடியாகும், அதற்குப் பிறகு அதில் குளிக்கிறவர் சோப்பு கீழே விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது, விழுந்தால் குனிய இடமில்லை.

சுவருக்குக் கனம் இல்லாதவருக்குக் கதவுக்கு வீச்சு எப்படி இருக்கும்? படத்தில் கதவு என்பது கோட்டில் விட்ட ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் மூன்றடிப் பலகை ஒன்று தொங்கும், திறந்தால் கால்வட்டம் அடிக்கும், அந்த வட்டத்துக்குள் எதையும் வைக்க முடியாது என்பதெல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் தெரியவரும் தகவல்கள். பீரோவும் இந்த ஜாதிதான். 8 அடி 11 அங்குலம் என்றால் 107 அங்குலம். ஆறடி அகலக் கட்டிலை ஒரு சுவரோரமாகப் போட்டால் மீதி 35. எதிர்ச்சுவரில் ஒன்றரையடி ஆழமுள்ள இரும்பு பீரோவை நிறுத்தினால் மீதி 17. பீரோவின் அகலம் மூன்றடி, கதவு இரண்டு, ஒவ்வொன்றும் 18 அங்குலம். இடம் 17. கதவு கட்டில் சட்டத்தில் இடித்து, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு பாதி திரும்பி நிற்கும் சம்பந்தி மாதிரி நின்றுவிடும்.

நடக்கிற ஆளுக்கும் கனம் கிடையாது. இரண்டு அறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, சரி. இரண்டாவது அறைக்குப் போவது எப்படி? முதல் அறைக்குள் புகுந்துதான். மகனும் மருமகளும் தூங்கும் அறையைக் கடந்து மாப்பிள்ளை இரவு ஒன்றரை மணிக்குப் பாத்ரூம் போகவேண்டும். மூன்றடியில் ஒரு நடை விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். "பாசேஜ்ங்கிறது வேஸ்ட் சார், முப்பது நாப்பது சதுரடி தண்டமாப் போகுது." சதுர அடிக்கு இவ்வளவு என்று கொத்தனாருக்குக் கூலி பேசிப் பழகிய மூளை, மனிதன் நடக்கிற இடத்தைத் தண்டக் கணக்கிலும், அவன் நடக்க முடியாமல் இடித்துக்கொள்கிற இடத்தை லாபக் கணக்கிலும் எழுதிக்கொள்கிறது.

சமையலறை விஷயத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. கொல்லைப்பக்கம் அறை எழுப்பினால் முதல் காவு சமையலறை ஜன்னல்தான். நேற்றுவரை வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் இன்றைக்குக் கம்பியும் கதவுமாக வீட்டின் நட்டநடுவில் நிற்கிறது. அந்தப் பக்கம் பெரியவனின் கட்டில். மழைக்காகப் போட்ட சன்ஷேடு உள்ளே வந்து, பழைய பஞ்சு மெத்தையைச் சுமக்கும் பரணாகிவிட்டது. தமிழ்நாட்டில் நீட்டிக் கட்டிய வீட்டை அடையாளம் காண இந்த உள்ஜன்னல் ஒன்றே போதும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும், அது வெளிக்காற்றைப் பார்த்து இருக்கவேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எட்டுக்குப் பத்து சமையலறைக்கு இது குறைந்தது 13 சதுர அடி. இவர் வைத்தது ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். அது தாளித்த மிளகாய் நெடியை அள்ளிக்கொண்டுபோய்ப் புது அறையின் தலையணை உறைகளில் பத்திரமாகச் சேர்க்கிறது. சித்திரை மாத நடுப்பகலில் அந்த அடுப்புக்கு எதிரே நிற்கப்போகிறவர் யாரோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால் இல்லை. முப்பது வருஷம் அந்த ஜன்னல் வெளிச்சத்தில் கீரை ஆய்ந்தவருக்கு, அதை அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை. "ஜன்னலை அடைக்காதீங்க" என்று அவர் சொன்னதும் உண்டு. வரைபடம் வரைந்துகொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாதாம்.

இவருக்காகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் யார் படம் வரைந்து கட்டினார்கள், தாத்தா கட்டிய வீடு இன்றைக்கும் நிற்கவில்லையா என்பார்கள். நிற்கிறது. ஒன்றரையடி, இரண்டடிச் சுவர்களோடு நிற்கிறது. அந்தச் சுவரின் கனத்தை யாரும் மறக்க முடியாது. ஜன்னல் மாடத்தில் ஆள் ஏறி உட்காரலாம். மேலும் அந்த வீட்டில் ஆறடிக் கட்டிலும் பீரோவும் கிடையாது. கூடத்தில் பாயை விரித்தால் படுக்கையறை, சுருட்டி வைத்தால் பந்திக்கூடம். அறைக்கென்று நிரந்தரமான சாமான் இல்லாத வீட்டில் ஒரு சாண் கூடக்குறைய இருந்தால் ஒருவருக்கும் வலிக்காது. சாமான் மாறிவிட்டது, மாறாமல் இருப்பது இவருடைய பென்சில் ஒன்றுதான்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கெட்டியானது. சுவரை ஏன் இவ்வளவு தடிமனாக எழுப்பவேண்டும்? தூண் நிறுத்தி, பாரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டால் ஆறு அங்குல லேசான கல்லில் வெளிச்சுவரும், நாலு அங்குலத்தில் தடுப்பும் போதுமே? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 6, 6, 4, பூச்சு 3 என்று கூட்டினாலும் 19 அங்குலம் போய்விடுகிறது; அறை ஒன்பதே கால் அடியைத் தொடவில்லை. தவிர, தூண் எங்கே வரவேண்டும், பழைய அஸ்திவாரத்தோடு புது அஸ்திவாரம் எப்படிச் சேர வேண்டும் என்று சொல்வதற்குத்தான் அந்த இன்ஜினியர். அவரைத்தான் வாசலோடு அனுப்பியாயிற்றே. பழைய கட்டடம் இறங்கி முடித்து வருஷக்கணக்காகிறது. புதுக் கட்டடம் இனிமேல்தான் இறங்கும். இரண்டும் ஒட்டுகிற இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விழும், ஐப்பசி மழைக்கு அதில் ஈரம் கசியும். இவர் வாழ்நாளில் தானாக அமைந்த, உண்மையிலேயே கனமில்லாத ஒரே கோடு அதுதான்.

இத்தனையும் சொன்ன பிறகு அந்தப் பத்திரிகையின் பின்பக்கத்தை இன்னொரு தரம் பார்த்தால் கோபம் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. ஓர் அறையில் மகன் பெயரின் முதலெழுத்து, இன்னொன்றில் மகள் பெயரின் முதலெழுத்து. ஓரத்தில் சின்னதாக 'ஊஞ்சல்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறார், பேரன் வந்தால் ஆட. அவருக்கென்று ஓர் அடி இல்லை, ஹாலில் டி.வி.க்கு எதிரே கிடக்கும் திவான்தான் அவருக்கு இனியும். தீபாவளிக்கு நாலு நாள், பங்குனியில் குலதெய்வம் கோவிலுக்கு ரெண்டு நாள் என்று வந்துபோகிறவர்களுக்காகக் கையிலிருந்த மொத்தப் பணத்தையும் செங்கல்லாக அடுக்கிவிட்டார். ஆனாலும் மீதி முந்நூற்றைம்பது சொச்ச நாளும் ஜன்னலில்லாமல் சமைக்கிறவர் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை இந்தப் பாசத்தில் வரவு வைக்க முடியாது.

இப்போது அவருக்கு அந்தப் பத்திரிகை அவசரமாக வேண்டியிருக்கிறது. ரூம் ஒன்பதுதான் இருக்கிறது என்று மாப்பிள்ளை டேப் பிடித்துச் சொல்லிவிட்டார். தான் போட்டது பத்து என்று காட்டியாக வேண்டும். பத்திரிகை பத்திரமாக, வீட்டுப் பத்திரத்தோடு, பீரோவின் லாக்கருக்குள் இருக்கிறது. பீரோக் கதவு பாதியில் நிற்கிறது. முழுக்கத் திறந்தால்தான் லாக்கர் திறக்கும். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்றால் அதற்கு அந்தப் பக்கம் சுவர். ஒன்பது அங்குலம், பூச்சு தனி.